கால்ல பட்ட பந்து

மட்டையா? மட்டைன்னு சொல்லாத தாயி. அது ஸ்டிக்கு. மட்டைங்கிறது தென்னை மரத்துல இருந்து விழுறது, இல்லாட்டி கிரிக்கெட்காரன் கையில இருக்கிறது. நீ சன்னல் பக்கம் நகந்து உக்காரு, இந்தப் பை உன்னை இடிக்கும். ஆமா, அந்த ஹாக்கி மைதானத்துல இருந்துதான் வாரேன். நீ பஸ்ஸுக்கு நிக்கையில என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்ததை நானும் கவனிச்சேன். அழுதேன்னு நினைச்சியாக்கும். நான் எதுக்கு அழுறேன்? தூசி. பாளையங்கோட்டையில ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிற லட்சணம் அப்படி.

எங்க இறங்கணும் உனக்கு? சாத்தூரா? சரிதான். சாத்தூர்க்காரிக்குச் சேவு தெரியும், வெள்ளரிக்கா தெரியும். ஹாக்கி எங்க தெரியும்? கோவிச்சுக்காத. கோவில்பட்டியில பிறந்தவளுகளுக்கே தெரியல. அத்தனை மைதானம், அத்தனை டீமு, தெருவுக்குத் தெரு ஸ்டிக்கைத் தூக்கிட்டு அலையுதுக, ஆனா ரூல் என்னன்னு கேட்டா முழிப்பாளுக. கோல் விழுந்தா கை தட்டுவாளுக. எது கோலு, எது கோல் இல்லைன்னு தெரியாமயே கை தட்டுவாளுக.

சொல்றேன் கேளு, கோவில்பட்டி வர்றதுக்குள்ள உனக்குப் புரிஞ்சிரும். பக்கத்துக்குப் பதினோரு பேரு. ஸ்டிக்குக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தாலதான் பந்தைத் தொடணும். உருண்டைப் பக்கம் பட்டா விசிலு. இடது கைப்பழக்கம் உள்ளவளுக்கும் அதே ஸ்டிக்குதான், அவளுக்குன்னு தனியா செஞ்சு குடுக்க மாட்டாக. பந்து கால்ல படக் கூடாது. கோல் கீப்பரு மட்டும் தலையணையக் கட்டுன மாதிரி கால்ல கட்டிக்கிட்டு நிப்பா, அவளுக்கு விதிவிலக்கு. கோலுக்கு முன்னாடி அரைவட்டமா ஒரு கோடு போட்டிருப்பாக, அதுக்கு ‘டீ’ன்னு பேரு. அந்த டீக்குள்ள வச்சு அடிக்கிறவளோட ஸ்டிக்கு பந்துல பட்டாத்தான் கோலு. வெளிய இருந்து அடிச்சு நேரா உள்ள போனா, அது எவ்வளவு அழகாப் போனாலும் கோல் கிடையாது. இந்த ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்க, இன்னைக்கு நடந்த கூத்துக்கு இதுதான் ஆதாரம்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கிறியா? கேக்கத்தான் செய்வே. தீப்பெட்டி ஆபீஸுல லேபிள் ஒட்டுறவ மாதிரி இருக்கா, இவளுக்கு என்ன தெரியும்னு தோணும். நான் லேபிள்தான் ஒட்டுறேன். என் மக அனுசுயா ஆறாப்பு படிக்கையில ஸ்டிக்கைத் தூக்கிட்டு வந்து நின்னா. பி.டி. வாத்தியாரு ராயப்பன் சாரு ரூல் புஸ்தகம் ஒண்ணு குடுத்திருந்தாரு, இங்கிலீசுல. நான் வீட்டுல லேபிள் ஒட்ட, அவ ஒவ்வொரு ரூலா வாசிச்சுத் தமிழ்ல சொல்லணும். தப்பாச் சொன்னா மறுபடி வாசிக்க விடுவேன். அவ கொட்டாவி விடுவா. விடட்டும். ரூல் தெரியாம ஆடுறதுக்கு வீட்டுல இருந்து பாத்திரம் கழுவலாம்.

அதுல இருந்து ஒரு மேட்ச் விட்டதில்ல. பிராக்டிஸுக்கும் போயிருவேன். கோட்டுக்குப் பக்கத்துலேயே நின்னுக்கிருவேன். எதிர் டீம்காரி கால்ல பந்து பட்டுச்சுன்னா அம்பயர் வாயில விசில் வைக்கிறதுக்கு முன்னாடி நான் கத்திருவேன், ‘காலு! காலு!’ன்னு. அம்பயருகளுக்கு என்னைப் பிடிக்காது. ஏன் பிடிக்கும்? அவுக செய்யவேண்டிய வேலைய நான்ல செஞ்சேன். அம்பயர்ங்கிறது யாரு தாயி? ஆடத் தெரியாதவ. ஆடத் தெரிஞ்சா ஆட மாட்டாளா? கலர் சட்டையப் போட்டுக்கிட்டு, விசிலைக் கடிச்சுக்கிட்டு, பந்து ஒரு பக்கம் போக இவ ஒரு பக்கம் பாத்துக்கிட்டு நிப்பா. நான் ஒருத்திகிட்ட நேராவே கேட்டேன், ‘ஏம்மா, கண்ணு வீட்டுல இருக்கா, கூட வந்திருக்கா?’ன்னு. அவளுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. உண்மையச் சொன்னா அப்படித்தான்.

ராயப்பன் சாரு தங்கமான மனுசன், ஆனா விவரம் பத்தாது. ஒருநாள் எங்கிட்ட வந்து, ‘சீனியம்மாக்கா, நீங்க இங்ஙன நிக்க வேண்டாம், அந்தா வேப்பமரத்துப் பக்கம் உக்காந்துக்கோங்க’ன்னாரு. மரம் மைதானத்துக்கு அந்தக் கோடியில இருக்கு. எனக்கு வெயில் பட்டுறக் கூடாதுன்னு அந்த மனுசனுக்கு அவ்வளவு அக்கறை. ‘அதெல்லாம் வேண்டாம் சார், வெயிலு எனக்குப் பழக்கம்’னுட்டேன். அனுசுயாவும் அந்த வருசம் இடத்தை மாத்திக்கிட்டா. இந்தப் பக்கம் டிபென்ஸ் ஆடிக்கிட்டிருந்தவ அந்தப் பக்கம் போயிட்டா. கண்ணுல வெயிலு அடிக்குதாம். நானும் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயி நின்னேன். பிள்ளையத் தனியா விட முடியுமா?

எங்க வீட்டுக்காரரு பேரு சண்முகையா, லோடு ஆட்டோ ஓட்டுறாரு. அவரு ஒரே ஒரு மேட்சுக்கு வந்தாரு. வந்து, ‘அந்தக் கோல் கீப்பர் பிள்ளைக்கு வேர்க்காதா?’ன்னு கேட்டாரு. முழு மேட்சையும் பாத்துட்டு அந்த மனுசனுக்குக் கேக்கத் தோணுனது அதுதான். வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிவிட்டேன்.

இப்படி இருக்கையில மூணு வருசத்துக்கு முன்னாடி ஜூனியர் பிள்ளைகளுக்குப் பெரிய டோர்னமெண்டு, கோவில்பட்டியிலயே. ஜெயிக்கிற டீமுல இருந்துதான் மாநிலக் கேம்புக்கு நிறைய பேரை எடுப்பாகன்னு பேச்சு. கேம்புக்குப் போனா ஹாஸ்டலு, காலேஜு, அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வே. அனுசுயாவை ரயில்வேயில உக்கார வச்சு நான் மனசுக்குள்ள எத்தனை வாட்டி பாத்திருப்பேன்! காலையில ஆபீஸு, சாயங்காலம் மைதானம், ஒண்ணாந்தேதி சம்பளம். எல்லாம் பொருந்தி இருந்துச்சு.

அரையிறுதியில ஒரு வேடிக்கை. எதிர் டீம் டிபென்ஸ்காரி ஒருத்தி கால்ல பந்து பளிச்சுன்னு பட்டுச்சு. டீக்குள்ள வச்சு. அம்பயர் பாக்கல. நான் கத்துறேன், காலு காலுன்னு. என் பக்கத்துல அந்தப் பிள்ளையோட அம்மாக்காரி நிக்கிறா, நல்ல பட்டுச்சேலை கட்டிக்கிட்டு. எங்கிட்ட சொல்றா, ‘அம்பயர் பாக்கலைன்னா அது கால் இல்லீங்க.’ எப்படி இருக்கு கதை! மேட்ச் முடிஞ்சு போகையில அவளை நிப்பாட்டி வச்சுக் கேட்டேன். ‘ஏம்மா, பிள்ளைக்குச் சோறு போட்டு வளக்கிறியா, களவாணித்தனத்தைப் போட்டு வளக்கிறியா?’ன்னு. அவ சேலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டா. அந்த மேட்சை நாங்கதான் ஜெயிச்சோம்.

மறுநா ஃபைனலு. வெயிலு மண்டையப் பொளக்குது. ஒரு குவார்ட்டருங்கிறது கால் மணி நேரம், அந்த மாதிரி நாலு. மூணு குவார்ட்டர் முடிஞ்சப்ப ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோலு. கடைசிக் குவார்ட்டர்ல எங்க பிள்ளைக சோந்து போயிட்டாளுக. அனுசுயா மட்டும் நிக்கிறா, மலை மாதிரி. எந்தப் பந்து வந்தாலும் குனிஞ்சு, ஸ்டிக்கைத் தரையோட போட்டு எடுத்துருவா. பாத்துக்கிட்டிருந்த எல்லாரும் ‘அந்த நாலாம் நம்பர் யாரு?’ன்னு கேக்காக. நான் சொல்லல. அவுகளே கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு கெத்தா நின்னேன். செலக்டருமாரு ரெண்டு பேரு சேர் போட்டு உக்காந்திருக்காக, அதுல ஒருத்தரு அவளைக் கையைக் காட்டிப் பக்கத்துல இருந்தவருகிட்ட என்னமோ சொல்றாரு.

முடியப் போற நேரம். கொஞ்சம் தள்ளுனா டிராவு, அப்புறம் ஷூட்அவுட்டு, ஒவ்வொருத்தியா வந்து கோல் கீப்பரோட ஒத்தைக்கு ஒத்தை மோதுறது. எங்க கோல் கீப்பரு ஷூட்அவுட்டுல புலி, ஜெயிச்ச மாதிரிதான். அப்ப ஒரு பந்து டீக்குள்ள வருது. கூட்டமா நாலஞ்சு பேரு, ஸ்டிக்கும் ஸ்டிக்கும் மோதுது. பந்து அனுசுயா பூட்ஸ் நுனியில லேசா உரசி, அவ ஸ்டிக்குக்கே வந்திருச்சு. நான் பாத்தேன். வேற ஒருத்தரும் பாக்கல. அம்பயரு பேரு ரெக்ஸலின், தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, அவளுக்கு முன்னாடி ஒருத்தி முதுகைக் காட்டிக்கிட்டு நின்னதால மறைச்சிருச்சு. விசில் இல்ல. நானும் வாயைத் திறக்கல. எதுக்குத் திறக்கணும்? அனுசுயாவுக்கு முன்னாடி வெட்டவெளியாக் கிடக்கு. ஒரு தட்டு தட்டி வெளிய அனுப்புனா முடிஞ்சுது சோலி.

அவ என்ன செஞ்சா தெரியுமா? நின்னுட்டா. கையைத் தூக்கிட்டா.

ரெக்ஸலின் ஓடி வந்து, ‘என்னம்மா?’ன்னா.

‘கால்ல பட்டுச்சு மேடம்’ங்கிறா என் மக.

‘உன் கால்லயா?’

‘ஆமா மேடம்.’

டிபென்ஸ்காரி கால்ல பட்டு அவளுக்கு லாபமாப் போச்சுன்னா, அதுவும் டீக்குள்ள வச்சுன்னா, பெனால்டி கார்னர். அப்படின்னா என்ன தெரியுமா? கோல் கீப்பரைச் சேத்து அஞ்சு பேரு மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால நின்னுக்கிட்டுக் காக்கணும், மத்தவளுக எல்லாம் பாதி மைதானத்துக்கு அந்தப் பக்கம் போயிறணும். எதிர் டீம்காரிக கோட்டுல இருந்து பந்தைத் தள்ளி டீக்கு வெளிய கொண்டுபோயி, மறுபடி உள்ள கொண்டாந்து அடிப்பாளுக. தூக்குமேடையில நிக்கிற மாதிரி நிக்கணும். இதுல இன்னொரு ரூலு. நேரம் முடிஞ்சு சங்கு ஊதுனாலும் கார்னர் முடியாம ஆட்டம் முடியாது. சங்கு ஊதிருச்சு. ஊதுன பிறகு அடிச்சாளுக. கோலுக்குள்ள அடியில இருக்கிற பலகையில ‘டொம்’னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இன்னைக்கு வரைக்கும் நான் மறக்கல. அந்தப் பிள்ளைக குதிக்குதுக. எங்க பிள்ளைக அப்படியே தரையில உக்காந்துட்டாளுக. ராயப்பன் சாரு, வேற ஆளா இருந்தா செவிட்டுல ஒண்ணு விட்டிருப்பாரு, இந்த மனுசன் போயி அவ தலையத் தடவிக் குடுக்காரு. அதான் சொன்னேனே, விவரம் பத்தாதுன்னு.

கேம்புக்கு எங்க டீமுல இருந்து ஒருத்தியத்தான் எடுத்தாக. அனுசுயா இல்ல.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ‘ஏட்டி, உன்னை யாரு கேட்டா? அம்பயர் கேட்டாளா? எதிர் டீம்காரி கேட்டாளா? ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாததை எதுக்குட்டி மெனக்கெட்டுச் சொன்னே?’

அவ பூட்ஸைக் கழட்டிக்கிட்டே சொல்றா, ‘கால்ல பட்டா காலுதானம்மா. நீதான கத்துவே?’

‘நான் எதிர் டீமுக்குத்தானட்டி கத்துனேன்!’

அதுக்கு அவ என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை. பெத்தவளைப் பாக்கிற பார்வையா அது? எங்க வீட்டுக்காரரு சோத்துல கைய வச்சுக்கிட்டு, ‘பிள்ளை உண்மையத்தான சொல்லிருக்கு’ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம். ‘உண்மை! உங்க ஆட்டோவுல ஓவர் லோடு ஏத்திட்டுப் போகையில போலீஸ்காரன்கிட்ட கையைத் தூக்கி, சார் ஓவர் லோடுன்னு சொல்லிருக்கீங்களா?’ன்னேன். அதுக்கப்புறம் அந்த மனுசன் சோத்தை மட்டும் பாத்தாரு.

ரொம்ப நாளு அவ எங்கிட்டப் பேசல. நானும் பேசல. ரயில்வே போச்சு, சம்பளம் போச்சு, பூட்ஸ் நுனியில பட்ட ஒரு உரசலுக்காக. யாருக்குப் பொறுக்கும், நீயே சொல்லு.

அதோட விட்டுச்சா? ஒருநா யாரோ வாசல்ல வந்து நிக்கிறா. யாருன்னு பாத்தா அந்த ரெக்ஸலின். ‘அனுசுயா இருக்காளா ஆண்ட்டி?’ங்கிறா. ஆண்ட்டியாம்! அவளை உக்காரக்கூடச் சொல்லல நான். வாசல்லயே நின்னு என் மககிட்ட சொல்றா: ‘அம்பயருமாருக்குத் திருநெல்வேலியில பயிற்சி நடக்கப் போகுது. பொம்பளப் பிள்ளைக ரொம்பக் குறைச்சல். நீ வாரியா? ரூலும் உனக்கு நல்லாத் தெரியும். அன்னைக்குப் பாத்ததுல இருந்து உன்னைக் கூப்பிடணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்.’

என் மக எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல? ‘வாரேன் மேடம்’னுட்டா.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, பிள்ளையப் பாடுபட்டு வளத்து, அவ போயி வட்டிக்கடையில அடியாளாச் சேந்த மாதிரி இருந்துச்சு. அம்பயர்! எந்த இனத்தைக் கண்டா எனக்கு ஆகாதோ அந்த இனத்துல போயிச் சேருறா. ‘ஆடத் தெரிஞ்சவ எதுக்கு விசில் ஊதப் போறே?’ன்னு கேட்டேன். ‘எனக்கு அது பிடிச்சிருக்கும்மா’ன்னா. அவ்வளவுதான் பதிலு.

பரீட்சை எழுதுனா. பாஸாயிட்டா. எப்படி ஆக மாட்டா? ஆறாப்புல இருந்து ரூல் வாசிக்க வச்சது யாரு? அந்த ரெக்ஸலினா? ஆனா நன்றி சொல்லுறப்ப பாத்தா ‘எல்லாம் ரெக்ஸலின் மேடத்தாலதான்.’ நான் கேட்டுக்கிட்டே லேபிள் ஒட்டிக்கிட்டிருந்தேன்.

மொதல்ல சின்னப் பிள்ளைக மேட்சு. அப்புறம் ஸ்கூலு, காலேஜுன்னு போச்சு. கார்டு மூணு கலரு தெரியுமா? பச்சைன்னா ரெண்டு நிமிசம் வெளிய உக்காரணும். மஞ்சள்னா அஞ்சு நிமிசமாவது. சிவப்புன்னா அன்னைக்கு வீட்டுக்குத்தான். அந்த மூணு கார்டையும் சட்டைப் பையில வச்சுக்கிட்டு அவ கிளம்புற தோரணையப் பாக்கணும், என்னமோ கலெக்டர் கிளம்புற மாதிரி. இந்த வாரம் பாளையங்கோட்டையில பெரிய டோர்னமெண்டு. பொம்பளப் பிள்ளைகளுக்கு. இன்னைக்கு அரையிறுதிக்கு இவ அம்பயரு, அந்த ரெக்ஸலின் இன்னொரு அம்பயரு. ரெண்டு அம்பயரு உண்டு, ஆளுக்குப் பாதி மைதானம். காலையிலயே சொல்லிட்டுப் போறா, ‘அம்மா, நீ வரவேண்டாம், வெயிலு’ன்னு. ஊருல இருக்கிறவுக எல்லாருக்கும் என் மேல வெயில் பட்டுறக் கூடாது. நான் பின்னாலயே அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன்.

கூட்டமான கூட்டம். நான் கேலரியில நடுவுல போயி உக்காந்துக்கிட்டேன், அவ கண்ணுல படாம. நல்லாத்தான் ஊதுனா. பொய் சொல்லக் கூடாது, ஒண்ணு ரெண்டு இடத்துல நானா இருந்தா வேற மாதிரி குடுத்திருப்பேன், ஆனாலும் பரவாயில்ல. ஓடுறா. பந்து எங்க இருக்கோ அங்ஙன இருக்கா. அந்தக் காலத்து அம்பயருமாரு மாதிரி நின்ன இடத்துல வேர் விடல.

மூணாவது குவார்ட்டர்ல வந்துச்சு வினை. ஒருத்தி டீக்கு ஒரு முழம் வெளிய இருந்து வெறி வந்த மாதிரி ஒரு அடி. பந்து ஒருத்தர் மேலயும் படல, நேரா உள்ள. கூட்டம் எந்திரிச்சு ஆடுது. அனுசுயா கையை நீட்டிட்டா, கோல் இல்லைன்னு. அவ்வளவுதான், கேலரி முழுக்க ஓலம். எனக்குப் பின்னால ஒருத்தன், பெரிய மீசை, கையில கடலைப் பொட்டலம், எந்திரிச்சு நின்னு கத்துறான். ‘குருட்டு மூதி! கண்ணு வீட்டுல இருக்கா? சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுச் சமைக்கப் போடி!’

நான் திரும்பி நிதானமாத்தான் கேட்டேன். ‘அண்ணாச்சி, டீக்குள்ள யாரு ஸ்டிக்குல பட்டுச்சு, சொல்லுங்க பாப்பம்?’

‘உனக்கு என்னம்மா தெரியும்? கோல் விழுந்துச்சா இல்லையா?’

‘விழுந்தா? வானத்துல இருந்து விழுந்தாலும் கோலா? டீக்குள்ள தொடணும்யா, தொடணும்! ரூல் தெரியாட்டி வீட்டுல இருந்து கடலையத் தின்னு.’

‘அந்தக் குருடிக்கு நீ வக்கீலா?’ன்னான்.

என்ன மாதிரி ஆளுக தாயி! ஒரு பொம்பளப் பிள்ளை நடு மைதானத்துல ஒத்தையா நின்னு விசில் ஊதுது, அதைப் போயி வாய் கூசாம கண்ணு வீட்டுல இருக்கான்னு கேக்கான். இவனெல்லாம் எந்த வீட்டுல வளந்தவன்? என் கையில சோத்து வாளி இருந்துச்சு. அவளுக்கு மதியத்துக்குக் கொண்டு வந்தது. அதால ஒண்ணு வச்சேன், தோள்ல. அவன் பொட்டலம் பறந்துச்சு. அவன் என் பையைப் பிடிச்சு இழுக்க, நான் அவன் சட்டையப் பிடிக்க, அப்படியே படி படியா இறங்கி ரெண்டு பேரும் கோட்டுக்கிட்ட வந்துட்டோம். கயித்தைத் தாண்டி உள்ளயே போயிட்டோம்னு பிறகுதான் தெரிஞ்சுது.

விசில். நீளமா. நான் திரும்பிப் பாத்தா அனுசுயா தலைக்கு மேல ரெண்டு கையையும் மணிக்கட்டுல பெருக்கல் குறி மாதிரி வச்சுக்கிட்டு நிக்கிறா. ஆட்டத்தை நிப்பாட்டியாச்சுன்னு அர்த்தம். நடந்து வாரா. ஓடல, நடந்து. என்னைப் பாத்தா. அவனைப் பாத்தா. அங்ஙன நின்ன வாலண்டியருகிட்ட சொல்றா:

‘இவங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்புங்க. அதுவரைக்கும் ஆட்டம் நடக்காது.’

‘ஏட்டி, அவன் உன்னைத்தானட்டி…’ன்னு நான் வாயெடுத்தேன்.

‘வெளிய போங்க.’

போங்க! கேட்டியா? வீட்டுல ‘அம்மா, சோறு போடு’, ‘அம்மா, தள்ளிப் படு’. இன்னைக்கு நடு மைதானத்துல, ஊர் பாக்க, போங்க. மரியாதையாம். ஏதோ ரேஷன் கடையில வரிசை தப்பி நின்னவளைச் சொல்ற மாதிரி சொல்லிட்டு, என் மூஞ்சியக்கூடப் பாக்காம திரும்பி நடந்துட்டா. பின்னாடி விசில். ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு.

ரூல்படி பாத்தா அவ செஞ்சது சரி. உள்ள வந்த ஆளை வெளிய அனுப்பலாம், அம்பயருக்கு அதிகாரம் உண்டு. பெத்தவளுக்கு விலக்குன்னு ரூல் புஸ்தகத்துல எங்கயும் இல்ல. நான் முழுசாக் கேட்டவ, எனக்குத் தெரியும். ஆனா அதை எழுதுனவனுக்கு ஒரு பிள்ளை கிள்ளை இருந்திருக்காதுன்னு நினைக்கேன்.

கேட்டுக்கு வெளிய கொண்டாந்து விட்டாக. நானும் அந்த மீசைக்காரனும். கேட்டைச் சாத்திட்டாக. சுவரு உயரம், ஒண்ணும் தெரியல. அவன் கொஞ்ச நேரம் முறைச்சான். நானும் முறைச்சேன். உள்ள விசில் கேட்டுச்சு, சுருக்கா ஒண்ணு, அப்புறம் கொஞ்சம் இழுத்து ஒண்ணு. அவனுக்கு இருப்புக்கொள்ளல. ‘என்ன குடுத்திருப்பா?’ன்னான், தனக்குத்தானே பேசுற மாதிரி.

‘கார்னரு’ன்னேன்.

‘எப்படிச் சொல்றீங்க?’

‘அந்த இழுப்பு கார்னருக்குத்தான்.’

அதுக்கப்புறம் ஒவ்வொரு விசிலுக்கும் என்னைப் பாத்தான். நானும் சொல்லிக்கிட்டே வந்தேன். இது காலு, இது உருண்டைப் பக்கம், இது அந்தப் பக்கத்து அம்பயரு ரெக்ஸலினோட விசிலு, அவ ஊதுறது கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும். பலகைச் சத்தம் கேட்டப்ப அவன் துள்ளிட்டான். அவன் டீமுதான் கோல் போட்டிருந்துச்சு. உள்ள இருந்து வந்த ஒருத்தன் சொன்னான், ‘அந்தப் பிள்ளை அம்பயரு உடனே குடுத்துருச்சு, ஒரு நிமிசம் யோசிக்கல’ன்னு. அதைக் கேட்டும் இந்த மீசைக்கு மனசு ஆறல. கேட்டுல சாஞ்சுக்கிட்டுச் சொல்றான்:

‘என்ன நெஞ்சழுத்தம் பாத்தீங்களாம்மா அந்தப் பிள்ளைக்கு? இத்தனை பேரு கத்துறோம், ஒரு பொட்டு அசையல. ஆளைப் பிடிச்சு வெளிய வேற தள்ளிட்டா. இவளையெல்லாம் சொல்லிக் குத்தமில்ல, பெத்து வளத்தாளே ஒருத்தி, அவளைச் சொல்லணும்.’

‘சொல்லுங்க’ன்னேன். ‘நல்லாச் சொல்லுங்க.’

அவனுக்குப் புரியல. நான் யாருன்னும் சொல்லல. எப்படிச் சொல்ல? அம்பயரோட அம்மா கேலரியில அடிதடி பண்ணுனான்னு கமிட்டிக்காரன் காதுல விழுந்தா, நாளைக்கு ஃபைனலு இருக்கு, அவளுக்குக் குடுப்பானா? மேட்ச் முடிஞ்சு எல்லாரும் வெளிய வந்தாக. அவளும் வந்தா, ரெக்ஸலின் கூட, தோள்ல பையப் போட்டுக்கிட்டு. என்னைப் பாத்துட்டா. அவ காலு ஒரு எட்டு என் பக்கம் திரும்புச்சு, நான் பாத்தேன். நான் சட்டுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, அந்த மீசைக்காரன்கிட்ட, ‘திருச்செந்தூர் பஸ்ஸு எங்ஙன நிக்கும் அண்ணாச்சி?’ன்னு கேட்டேன். எனக்கு எதுக்குத் திருச்செந்தூர்? அவன் பாவம், கையை நீட்டி நீட்டி வழி சொல்றான். அவன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ போயிட்டா. சோறு அப்படியே இருக்கு. இந்தப் பையில வாடை வருதுல்ல, அதுதான். நெத்திலிக் குழம்பு. வாளி லேசா நசுங்கிருச்சு, அதான் ஒழுகுது.

இந்தா பாரு தாயி, உங்கிட்ட ஏதோ பேச்சுவாக்குல சொல்லிட்டேன். யாருகிட்டயும் மூச்சு விடாத. சாத்தூர்லயும் ஹாக்கிக்காரன் எவனாவது இருப்பான்.

கயத்தாறு தாண்டியாச்சா? அப்ப நெருங்கிட்டோம். ஒரு உதவி செய்யி. அந்தக் கண்டக்டர்கிட்ட, காலையில கோவில்பட்டியில இருந்து பாளையங்கோட்டைக்கு மொத வண்டி எத்தனை மணிக்குன்னு கேளு. நீயே கேளு. நான் வாயைத் திறந்தா சண்டைக்கு வாரேன்னு நினைச்சுக்கிறாக.